மழை விட்டதும் மம்பட்டியை எடுக்காதீர்கள்

கூலாய், செனாய், ஸ்கூடாய்ப் பக்கம் புதுத் தாமான்களில் வீடு வாங்கிக் குடிவந்த பிள்ளைகள், சீனப் பெருநாள் நெருங்கும்போது என்னிடம் வருவார்கள். “ஐயா, புல் எல்லாம் மஞ்சளாகிவிட்டது, என்ன செய்வது?” என்பார்கள். கையில் ஒரு வீடியோ இருக்கும். மார்ச்சில் புல்லைக் கீறிவிடு, ஏப்ரலில் விதை தூவு என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வது பனி உருகும் ஊருக்குச் சரி. நம் ஜொகூரில் மண் தூங்குவதே இல்லையே!

நமக்கு உள்ளது நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளக்கூடிய வடகிழக்குப் பருவமழை. அதன் கடைசியில், பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டி, வானம் கொஞ்சம் வெளுக்கும். எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ரப்பர் மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்; பிறகு செம்பழுப்பாகக் கொழுந்து விடும். பால் குறையும், சம்பளமும் குறையும். அந்த வறண்ட நாட்களுக்குப் பிறகுதான் ஜொகூர் பாரு சாலையோரங்களில் தெக்கோமா மரங்கள் பூத்துக் கொட்டும், எல்லாரும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். நம் வசந்தம் அவ்வளவுதான். குறுகிய காலம். அதிலும் மழை சொன்னபடி கேட்பதில்லை. 2023-ல் பிப்ரவரி கடைசியில் கொட்டத் தொடங்கிய மழையில் சிகாமட், குளுவாங், பத்து பகாட் வட்டாரங்கள் மார்ச்சிலும் தண்ணீரில் நின்றன. ஆகவே நாட்காட்டியை விடுங்கள். இந்த இடைவெளியில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மண் காயும்வரை பொறுங்கள். மழை விட்ட மறுநாளே மம்பட்டியோடு இறங்காதீர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்குங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டு, விரலால் தட்டினாலும் உடையாவிட்டால் இன்னும் ஈரம் அதிகம். தட்டியதும் உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். நம் ஊர்ச் செம்மண் களிப்பானது. ஈரத்தில் மிதித்தால் இறுகி, காய்ந்ததும் கல்லாகிவிடும். அப்புறம் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது. பிள்ளைகள் பந்து விளையாடுவதையும் அந்த ஒரு வாரம் தெருவுக்கு மாற்றிவிடுங்கள்.

2. முதல் வேலை தண்ணீருக்கு வழி விடுவது. புல் மஞ்சளானதற்கு உரக்குறைவு காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பருவமழைக்குப் பிறகு பத்தில் எட்டு முற்றங்களில் காரணம் தேங்கிய தண்ணீர் என்பது என் கணிப்பு. வேர் மூச்சு முட்டிக் கிடக்கும்போது மேலே உரம் போட்டு என்ன பயன்?

அடுத்த பெருமழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த மூலையில் குட்டை கட்டுகிறது, லோங்காங் சாக்கடைக்கு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். நின்று பார்த்ததை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். மழை நாளில் பார்க்கும் இந்தக் கால் மணி நேரம், எந்த ஒப்பந்தக்காரர் வந்து சொல்லும் யோசனையையும்விட மேல்.

வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்து அடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு வேண்டும். சிறு பள்ளமென்றால் ஆற்று மணலை மெல்லிசாகத் தூவி, புல்லின் நுனி தெரியும்படி விட்டு, சில வாரம் கழித்து மறுபடி தூவி நிரப்புங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் புல் புதைந்து செத்துவிடும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. பெரிய குட்டையென்றால் ஓர் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாயைப் போட்டு, சுற்றிலும் ஜல்லி நிரப்பி லோங்காங்குக்கு இழுத்துவிடுங்கள். புதுத் தாமான்களில் தோண்டும்போது அரை அடிக்குக் கீழே உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, சாக்கு, கம்பி எல்லாம் வரும். வீடு கட்டியவர்கள் மேலே மெல்லிய மண் பூசிப் புல்லைப் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள். கிடைத்ததையெல்லாம் பொறுக்கி எடுங்கள்.

பொந்தியான், பத்து பகாட் கரையோரம் சில இடங்களில் கரிமண் இருக்கிறது. அன்னாசிக்கு அது சொர்க்கம், வீட்டுக்காரருக்குத் தலைவலி. தண்ணீரை வடிக்க வடிக்க அந்த மண் சுருங்கி இறங்கும். கார் நிறுத்தும் தளத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி விழும். அங்கே ஒரே தடவையில் லாரி லாரியாக மண் கொட்டினால் அந்தப் பாரமே மேலும் அமுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

இன்னொன்று: உங்கள் முற்றத்தை உயர்த்தி, தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். சுவரை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள், நாளைக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள்.

3. வெள்ளம் உள்ளே வந்திருந்தால், முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வடிந்த பிறகுதான் வேலையே தொடங்கும். சேற்றை வெறுங்காலால் மிதிக்காதீர்கள். முழங்கால் வரை பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மெலியாய்டோசிஸ். மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும் கிருமியால் வருவது. தோலில் உள்ள சிறு கீறல் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களை அது அதிகம் தாக்கும், உயிரையும் எடுக்கும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? அப்பாவையோ மாமாவையோ சேறு வழிக்க அனுப்பாதீர்கள். வேலை செய்த சில நாளில் காய்ச்சல் கண்டால், மண்ணில் வேலை செய்தேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

புல் மேல் படிந்த வண்டல் மெல்லிசாக இருந்தால் காய்ந்ததும் வாரியால் உடைத்துவிட்டால் போதும். இரண்டு விரல் கனத்துக்கு மேல் இருந்தால் வழித்தெடுக்க வேண்டும். மறைவிடங்களைக் கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். நல்ல பாம்பு கண்டால் வீரம் காட்டாமல் 999-ஐக் கூப்பிடுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போவார்கள்.

4. கொசு. இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் பூந்தொட்டித் தட்டு, கூரைப் பீலி, வெட்டிய மூங்கிலின் பொந்து, அன்னாசி போல இலைக்குவளை உள்ள அழகுச் செடிகள் ஆகியவற்றைக் கவிழ்த்தோ கழுவியோ விடுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; முற்றத்தில் புழு இருந்தால் சுகாதார அதிகாரி அபராதச் சீட்டு எழுதலாம்.

5. அடுத்தது மண்ணின் புளிப்பு. மழை அதிகம் பெய்யும் ஊர்களில் சுண்ணாம்புச் சத்து அடித்துக்கொண்டு போய்விடும். நம் மண்ணின் பி.எச். பல இடங்களில் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான். எஸ்டேட்டுகளில் இதற்கு அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல் போடுவார்கள், ஜி.எம்.எல். என்று கேட்டால் உரக்கடையில் தருவார்கள். ஈர மண்ணில் மெல்லிசாகத் தூவி, இரண்டு மூன்று வாரம் கழித்து உரம் போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் யூரியாவில் உள்ள தழைச்சத்து ஆவியாகிக் காற்றில் போய்விடும், உங்கள் வெள்ளியும் அதோடு போகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். இட்லிப்பூச் செடிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்ட இட்லிப்பூ நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு செய்த வேலை அது.

6. உங்கள் இடத்துக்கு ஏற்ற புல்லை வையுங்கள். கண்ணுக்குப் பிடித்ததை அல்ல. நம் நர்சரிகளில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும். அகல இலை கொண்டது கவ் கிராஸ். புளிப்பு மண், கொஞ்சம் நிழல், பிள்ளைகளின் மிதி எல்லாவற்றையும் தாங்கும். ஓடு தண்டு விட்டுத் தானாகப் பரவும். அதையே குட்டையாக, மென்மையாக ஆக்கியது போல் இருப்பது பேர்ல் கிராஸ். நிழலில் வரும், வறட்சியைத் தாங்காது. ஊசி இலை கொண்ட பிலிப்பைன் புல் பார்க்கக் கம்பளம்தான். ஆனால் நாளெல்லாம் நல்ல வெயில் வேண்டும், மெதுவாகப் பரவும், வெட்டத் தவறினால் மேடு மேடாகப் புடைக்கும்.

பந்து விளையாட்டு பார்க்கிற பையன்கள் கேட்பார்கள்: 2020-இல் திறந்த இஸ்கண்டார் புத்ரி சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தில் இருப்பது போல எங்கள் வீட்டிலும் போடலாமா? அங்கே இருப்பது ஸியோன் சோய்சியா. பிலிப்பைன் புல்லின் உறவுக்காரன். கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்திலும் கவ் கிராஸ் பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகு 2023-இல் அதையே பதித்தார்கள். அந்தப் புல்லுக்குக் கீழே மணல் அடுக்கு, வடிகால், தினமும் பார்க்க ஆள் எல்லாம் இருக்கின்றன. இருபது அடி முற்றத்தில், பக்கத்து வீட்டு மாமர நிழலில், வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து இரவு வீடு சேரும் உங்களால் அது முடியுமா? கவ் கிராஸைத் தாழ்வாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. ஒழுங்காக வெட்டிய கவ் கிராஸைவிட நம் மழைக்கு நல்ல புல்லை நான் பார்க்கவில்லை.

நாள் முழுக்க வெயிலே படாத இடமா? புல்லை மறந்துவிட்டுக் கூழாங்கல்லோ பாண்டானோ வையுங்கள்.

7. வெட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் முழங்கால் வரை வளரவிட்டு, ஒரே நாளில் மொட்டை அடிக்கிறவர்கள்தான் அதிகம். அடித்தண்டு வெளுத்து, வெயிலில் கருகிவிடும். முதல் வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்று இறக்குங்கள். கவ் கிராஸ் இரண்டு அங்குலம் நிற்கட்டும், பிலிப்பைன் ஓர் அங்குலம். முதுகில் மாட்டும் மெஷின் வைத்திருந்தால் கண்ணாடி போடாமல் இயக்காதீர்கள். சிறு கல் தெறித்தால் கண் போய்விடும். 2025 ஜனவரியிலிருந்து நமக்கும் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பிவிட்டது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே மெஷினைக் கிளப்பித் தெருவின் தூக்கத்தைக் கெடுக்கவேண்டாம்; பனி ஈரம் காய்ந்த பிறகு வெட்டினால்தான் வெட்டும் சுத்தமாக விழும்.

8. களைக்கு மருந்தைத் தேடும் முன் உட்கார்ந்து பிடுங்குங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டன் பாட்டிகளை இந்த நாட்டுக்குக் கப்பலில் கொண்டுவந்து செய்ய வைத்த வேலைகளில் ஒன்று புல் வெட்டுவது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று துரைமார் நினைத்தார்கள். மண்ணை வழித்து வைத்தார்கள். மழை வந்து மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோனது. பிறகுதான் புத்தி வந்து, மரங்களுக்கிடையே பயற்றுக் கொடிகளை மூடுபயிராகப் பரப்பினார்கள். வெறும் மண்ணை நம் மழைக்குக் காட்டக்கூடாது என்பது தோட்டங்கள் பெரும் விலை கொடுத்துப் படித்த பாடம். உங்கள் செடிப்பாத்திக்கும் அதுதான். வெட்டிய புல்லையோ காய்ந்த இலையையோ இரண்டு அங்குலத்துக்குப் போர்த்திவிடுங்கள், பாதிக் களை முளைக்கவே முளைக்காது.

அடுத்து மருந்து வந்தது. தோளில் பம்பைச் சுமந்து பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கறுத்து, மூக்கில் ரத்தம் வந்து, கண் எரிந்து அவர்கள் பட்டதைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுத்தடை. பழைய கொட்டகையில் எங்காவது ஒரு குப்பி மிச்சம் இருந்தால், “கொஞ்சம்தானே” என்று எடுக்காதீர்கள். அதன் விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது.

கிளைஃபோசேட் இன்னும் கடையில் இருக்கிறது. அது களையையும் கொல்லும், புல்லையும் கொல்லும். தண்டு தட்டையாகத் தரையோடு படர்ந்து, பிடுங்க வராமல் அடம் பிடிக்கும் தேப்பராகைப் புல் அதற்கும் அசைந்து கொடுக்காமல் போனதை உலகம் முதலில் கண்டது நம் மலேசியாவில்தான், 1997-இல். ஆகவே மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது கூர்மையான கத்தியால் வேரோடு நெம்புங்கள். கோரைக்குக் கீழே கிழங்கு இருக்கும். அதை விட்டால் பத்து நாளில் திரும்பி வரும். லாலாங் புல்லுக்கும் அதே கதைதான், தரைக்கு அடியில் ஓடும் தண்டு முழுவதும் வர வேண்டும். தொட்டாற்சிணுங்கி பூப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மூலை என்று எடுத்தால் போதும்.

9. உரத்தை இப்போதுதான் தொட வேண்டும். புல்லுக்கு 15-15-15 பச்சை உரம், பூவுக்கும் பழத்துக்கும் 12-12-17-2 நீல உரம். மண் ஈரமாகவும் இலை காய்ந்தும் இருக்கும் நேரம் பார்த்துத் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். பெருமழைக்கு முன் போட்டால் லோங்காங்குக்குப் போகும். வெயிலில் போட்டால் புல் கருகும். பாக்கெட்டில் சொன்னதில் பாதி போதும், இரண்டு தடவையாக.

10. மரத்தை வெட்டும் முன் அது யாருடையது என்று கேளுங்கள். கேட்டுக்கு வெளியே சாலையோரம் நிற்பது ஊராட்சி மன்றத்துடையது. நீங்களே கிளை கழிக்க முடியாது, மனு கொடுங்கள். உங்கள் நிலத்துக்குள் நின்றாலும் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், நகர் கிராமத் திட்டமிடல் சட்டப்படி எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பட்டுப்போனது, விழப்போவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

செடிகளைக் கவாத்து செய்ய இந்த வறண்ட நாட்கள் நல்லவை. வெட்டுக்காயத்தில் பூஞ்சை பிடிக்காது. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றினால் இலையாகத் தள்ளும், பூ வராது. மாமரமும் அப்படித்தான், சில வாரம் வாடினால்தான் பூவெடுக்கும்; பூவெடுத்திருக்கும்போது கத்தியை எடுக்காதீர்கள். முருங்கையைத் தோளளவுக்கு வெட்டிவிடுங்கள், கைக்கெட்டும் உயரத்தில் கீரை வரும். கருவேப்பிலை நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விடும்.

11. கழிவைக் கொளுத்தாதீர்கள். திறந்த வெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படிக் குற்றம். ஜொகூரில் குப்பை லாரி வாரம் இரண்டு நாள் சமையல் குப்பைக்கும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பெரிய சாமான்களுக்கும் வரும். கிளைகளைக் குட்டையாக வெட்டிக் கட்டி அந்த நாளில் வெளியே வையுங்கள்.

மக்க வைக்க விரும்பினால் மிகவும் நல்லது. ஒரு எச்சரிக்கை: செம்பனைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் குவியலை மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கட்டை விரல் தடிமனில், வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் இருந்தால் அது காண்டாமிருக வண்டின் குஞ்சு. மக்கும் குவியலில்தான் அது வளரும். பிறகு தென்னங்குருத்தையும் செம்பனைக் குருத்தையும் துளைக்கும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

12. தண்ணீர் ஊற்றுவதில் சிக்கனம் பழகுங்கள். மழை மாநிலம் என்று பெயர்தான். 2015 ஆகஸ்டில் பாசீர் கூடாங், மாசாய்ப் பகுதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் முறை வைத்து விட்டார்கள். 2016-இல் லிங்கியூ அணை ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. கூரைத் தண்ணீரைப் பிடிக்க மூடியுள்ள ஒரு பீப்பாய் வையுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, மூன்று நாளுக்கு ஒருமுறை மண்ணுக்குள் ஒரு விரல் நீளம் இறங்கும்படி விடுங்கள்; வேர் ஆழமாகத் தேடிப் போகும். காலையில் ஊற்றுங்கள். இரவில் நனைந்த புல்லில் வட்ட வட்டமாகப் பூஞ்சை பிடிக்கும்.

13. புதுச் செடி கடைசியில்தான். கையில் போனஸ் வந்ததும் நர்சரிக்கு ஓடி, வண்டி நிறையச் செடி வாங்கி, பிப்ரவரி வெயிலில் நட்டுக் கொல்லாதீர்கள். மற்ற வேலைகளை முடித்துவிட்டு ஏப்ரலுக்குக் காத்திருங்கள். பருவக்காற்று மாறும் அந்த மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை வரும். காலையில் வெயில், மாலையில் தண்ணீர், புது வேருக்கு இதைவிட என்ன வேண்டும்? குழியை வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலமாகத் தோண்டுங்கள், ஆழம் அதே அளவு. மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் கலந்து நிரப்புங்கள். அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கிழித்தெடுத்துவிட்டு நடுங்கள். பையோடு குழியில் இறக்கும் ஆட்களை இன்னும் பார்க்கிறேன். கூலி கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.